கிளாரிந்தாவின் பிற்பாதி: மாதவையாவின் நாவலும் நம் திருச்சபையின் நினைவும்

அ. மாதவையா ஆங்கிலத்தில் எழுதி 1915-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'கிளாரிந்தா' என்னும் வரலாற்று நாவல், திருநெல்வேலித் திருச்சபையின் தோற்றத்தோடு பிரிக்கவியலாத தொடர்புடைய ஒரு பெண்மணியைக் கதைத் தலைவியாகக் கொண்டது. சரோஜினி பாக்கியமுத்து அவர்கள் செய்த தமிழாக்கத்தைக் கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் 1976-இல் வெளியிட்டது. அக்காலந்தொட்டு இந்நூல் நம் ஆயர்களின் வீட்டு அலமாரிகளில் இடம்பெற்று வந்துள்ளது. மிஷன் வரலாற்று வகுப்புகளிலும், பெண்கள் ஐக்கியச் சங்க ஆண்டு விழாக்களிலும் இதிலிருந்து செய்திகளை எடுத்துக் கூறுவது வழக்கம். நானும் அவ்வாறு பலமுறை கூறியவனே. இந்நாவலை நான் முழுமையாகப் படித்திருக்கிறேனா என்னும் ஐயத்தை எனக்கு உண்டாக்கியவர் ஓர் ஊழியக்காரரோ பேராசிரியரோ அல்லர்.

கங்கைகொண்டானுக்கு அருகே, சிற்றாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றின் சபையில் நான் ஆயராகப் பணிபுரிந்த காலம் அது. நாற்பத்தேழு வயதுடைய ஒரு சகோதரி ஒருநாள் மாலையில் என்னைக் காண வந்தார். கணவர் காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. பெண்மக்கள் இருவரும் மணமாகிச் சென்றுவிட்டனர். மகனுக்குச் சென்னையில் வேலை. படுக்கையில் கிடந்த மாமியாரைப் பல ஆண்டுகள் பேணி, அவ்வாண்டுதான் அடக்கம் செய்திருந்தார். "ஐயா, இனிமே நான் பாக்க வேண்டியவங்கன்னு யாருமில்ல. காலையில எந்திரிச்சா, இந்த நாள் எதுக்கு விடியுதுன்னு இருக்கு" என்றார். நான் அவருக்காக இறைவேண்டல் செய்தேன். பின்னர், ஞாயிறுதோறும் நற்கருணைப் பீடத்தின் பூச்சாடிகளைக் கவனித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன். அவரும் மறுக்காமல் அதைச் செய்து வந்தார். சில வாரங்களுக்குப் பின் ஆறுதலாக இருக்குமென்று 'கிளாரிந்தா'வைப் படிக்கக் கொடுத்தேன். பத்து நாளில் நூலைத் திருப்பிக் கொண்டுவந்தவர் இவ்வாறு கூறினார்: "ஞானஸ்நானம் எடுத்த பிறகு அந்த அம்மா என்ன செஞ்சாங்கன்னுதான் ஐயா நான் தேடினேன். புஸ்தகம் அதுக்குள்ள தீரப்போகுது."

இத்திறனாய்வு அந்தச் சொற்களுக்கு நான் காலந்தாழ்த்தி அளிக்கும் விடையாகும்.

வரலாறு கூறுவது

கிளாரிந்தாவைப் பற்றிய வரலாற்றுச் செய்திகள் மிகச் சிலவே. கால்டுவெல் ஐயர் 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலி மிஷனின் தொடக்ககால வரலாறு அவற்றைத் தொகுத்துத் தருகிறது. தஞ்சையைச் சேர்ந்த மராட்டியப் பிராமணக் குலத்து விதவை அவர். கோகிலா என்பது அவருடைய முற்பெயர் என்பர். லிட்டில்டன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரியின் பாதுகாப்பில் வாழ்ந்தார். அவ்வதிகாரி அவருக்கு ஆங்கிலம் கற்பித்தார். கிறிஸ்தவ சமயத்தின் அடிப்படைகளையும் எடுத்துரைத்தார். மணம் புரிவதாக வாக்களித்தும் அதை நிறைவேற்றினாரில்லை. தஞ்சையில் சுவார்ட்ஸ் ஐயரிடம் அப்பெண்மணி திருமுழுக்கு வேண்டியபோது, மணமின்றி வாழ்ந்த வாழ்வு தடையாகக் காட்டப்பட்டது. பின்னர் இருவரும் பாளையங்கோட்டைக்கு வந்தனர். அங்கே லிட்டில்டன் இறந்தார். 1778-இல் பாளையங்கோட்டைக்கு வந்த சுவார்ட்ஸ் ஐயர் அவருக்குத் திருமுழுக்களித்தார்.

இதற்குப் பின் நிகழ்ந்தவற்றை நாம் பொதுவாக விரைந்து சொல்லி முடித்துவிடுகிறோம். 1780-இல் எழுதப்பட்ட பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் நாற்பது பெயர்கள் உள்ளன, முதற்பெயர் கிளாரிந்தாவினுடையது. கோட்டைப் பகுதியில் ஒரு சிற்றாலயம் எழும்பவும் அவரே முதற்காரணர். 1785-இல் சுவார்ட்ஸ் ஐயர் வந்து அதைப் படைத்தார். தஞ்சைக்குச் சென்று, தம் சபைக்கு நிலையான ஊழியர் ஒருவரை அனுப்புமாறு வேண்டியவரும் அவரே என்று மிஷன் வரலாறு கூறும். அவ்வேண்டுதலின் பயனாகச் சத்தியநாதன் உபதேசியாராக வந்தார். 1790-இல் அவர் தஞ்சையில் குருப்பட்டம் பெற்றார். கிளாரிந்தா மறைந்தது 1806-ஆம் ஆண்டளவில் என்பர். அங்ஙனமாயின், திருமுழுக்குக்குப் பின் அவர் வாழ்ந்த காலம் ஏறக்குறைய இருபத்தெட்டு ஆண்டுகள்.

இக்கணக்கை மாணவர் மனத்தில் இருத்தவேண்டும். உடன்கட்டை, காதல், மறுப்பு, திருமுழுக்கு என்று நாம் மேடைகளில் விரித்துரைப்பவை யாவும் முற்பாதியைச் சேர்ந்தவை. ஒரு சபை உருவாகி நிலைபெற்றது பிற்பாதியில்.

நாவலாசிரியர் செய்த தெரிவு

மாதவையா கிறிஸ்தவரல்லர். திருநெல்வேலிச் சீமையின் பெருங்குளத்தில் 1872-இல் பிறந்து, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்று, அரசின் உப்புத்துறையில் பணியாற்றியவர். 'பத்மாவதி சரித்திரம்', 'முத்துமீனாட்சி' ஆகியவற்றில் பெண்கல்வி மறுக்கப்படுவதையும், இளம் விதவையரின் துயரையும் அஞ்சாது எழுதினார். 1909-இல் வந்த 'சத்தியானந்தன்' என்னும் அவருடைய ஆங்கில நாவலுக்குக் கிறிஸ்தவச் சூழலே களம். ஆகவே கிளாரிந்தாவின் வரலாறு அவரை ஈர்த்ததில் வியப்பில்லை. பிராமணச் சமூகத்தின் விதவைக் கொடுமையையும், கிறிஸ்தவத் திருச்சபையின் கடினத்தையும் ஒரே பெண்ணின் வாழ்வில் அவர் காண முடிந்தது. இரு தரப்பையும் அவர் நடுநிலையோடு எழுதியிருக்கிறார்; தம் குலத்தாரையும் விட்டுவைக்கவில்லை, நம் மிஷனரிமாரையும் விட்டுவைக்கவில்லை. மதமாற்றத்தைச் சூழ்ச்சி என்று இகழாமலும் வெற்றி என்று கொண்டாடாமலும், ஒரு பெண்ணின் உள்ளம் நகர்ந்த வழியாக அவர் காட்டியிருப்பது நாம் நன்றியோடு ஏற்கத்தக்கது. கிறிஸ்தவரல்லாத ஒருவர் நம் சபையின் தாயைப் பற்றி இவ்வளவு பரிவோடு எழுதினார் என்பதும் நாம் எண்ணிப்பார்க்க வேண்டியதொன்று.

ஆயினும், நூலின் பெரும்பகுதி திருமுழுக்குக்கு முந்திய காலத்திலேயே நடக்கிறது. முதிய கணவரின் மறைவு, சிதையிலிருந்து மீட்பு, லிட்டில்டனோடு வாழ்ந்த வாழ்வு ஆகியவற்றில் ஆசிரியரின் கற்பனை தங்குதடையின்றி ஓடுகிறது. காட்சிகள் உண்டு, உரையாடல்கள் உண்டு, உள்ளப் போராட்டங்கள் உண்டு. லிட்டில்டன் இறந்தபின் கதையின் நடை வேகங்கொள்கிறது. கிளாரிந்தா அறச்செயல்கள் புரியும் அம்மையாராகிறார். அவருடைய மனப்போராட்டங்கள் அங்கே ஓய்ந்தவைபோல் ஆகின்றன.

ஆவணங்கள் இல்லாத இடத்தில் நாவலாசிரியர் என் செய்வார் என்று ஒருவர் கேட்கலாம். அவ்வாதம் நிற்காது. முற்பாதிக்கும் ஆவணங்கள் சிலவே. தஞ்சை மாளிகையின் உள்ளறைகளைக் கற்பனையால் கட்ட முடிந்த ஆசிரியருக்கு, பாளையங்கோட்டையில் தனித்திருந்த ஒரு பெண்ணின் முதலாண்டைக் கற்பனை செய்வது இயலாததன்று. மீட்டவர் இல்லை, மணமும் நிகழவில்லை, பிறந்த குலம் ஏற்காது, ஆங்கிலேயர் சமூகத்திலும் இடமில்லை. இந்நிலையில் ஒரு பெண் காலையில் எழுந்து, இந்த நாளை என் செய்வது என்று தன்னையே கேட்டுக்கொள்வதில் ஒரு நாவலுக்குரிய பொருள் நிறைந்திருக்கிறது. மாதவையா அதைத் தொடாது சென்றார். சீர்திருத்த நாவலாசிரியரான அவருக்கு, பெண் கொடுமையினின்று விடுபடுவதே கதையின் உச்சம். விடுபட்டவள் அவ்விடுதலையைக்கொண்டு என்ன செய்தாள் என்பது அவர் எழுப்பிய கேள்வியன்று. அவர் காலத்தின் சீர்திருத்த இலக்கியம் பலவற்றிற்கும் இது பொருந்தும். விதவையின் மறுமணத்தோடு கதை முடியும். நாற்பது வயதுக்குப் பிந்திய பெண் அக்கதைகளில் பெரும்பாலும் மாமியாராகவோ பாட்டியாகவோதான் வருகிறாள்.

மறுக்கப்பட்ட திருமுழுக்கு

நாவலிலும் வரலாற்றிலும் நம்மை உறுத்துவது சுவார்ட்ஸ் ஐயரின் மறுப்பு. அதை எளிதாகக் கண்டிப்பது முறையாகாது. பொது வாழ்வின் ஒழுக்கக் கேட்டினால் ஐரோப்பியக் கிறிஸ்தவர் தம் சமயத்திற்கே இழுக்குண்டாக்கிய காலம் அது. திருமுழுக்கு பெறுவோர் வாழ்விலும் திருந்தவேண்டும் என்று ஓர் ஆயர் எதிர்பார்த்ததில் நியாயம் உண்டு. சபை ஒழுங்கைக் காக்கும் பொறுப்பை நம்முள் எவரும் குறைவாக எண்ணுவதற்கில்லை.

ஆனால் அவ்வொழுங்கின் சுமை யார்மேல் விழுந்தது என்பதை நோக்கவேண்டும். வாக்களித்து நிறைவேற்றாதவர் ஆடவர். கிறிஸ்தவ நாட்டில் பிறந்து வளர்ந்தவர். மணத்தை நிகழ்த்தும் ஆற்றல் அவர் கையில் இருந்தது. அப்பெண்ணின் கையில் இல்லை. தம்மால் நீக்கவியலாத தடைக்காக அவர் காத்திருக்க நேர்ந்தது. அத்தடையை இறுதியில் நீக்கியது அவ்வாடவரின் மரணம். யோவான் நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தில் சமாரியப் பெண்ணோடு நம் ஆண்டவர் பேசிய முறையை இதனருகே வைத்துப் பார்க்கலாம். அவளோடு வாழ்ந்தவன் கணவனல்லன் என்பதை ஆண்டவர் மறைக்கவில்லை. அதே வேளையில், அவ்வுண்மையை உரையாடலின் முடிவாகவும் ஆக்கவில்லை. வழிபாட்டைப் பற்றிய ஆழ்ந்த இறையியலை அவளோடு விவாதித்தார். அவளும் குடத்தை விட்டுவிட்டு ஊருக்குள் ஓடினாள். ஒரு பட்டணம் அவள் சொல்லால் வெளியே வந்தது.

கிளாரிந்தாவும் ஒரு பட்டணத்தை அழைத்து வந்தவரே. 1780-ஆம் ஆண்டுப் பதிவேட்டின் நாற்பது பெயர்கள் பல்வேறு சாதிகளைச் சேர்ந்தவை. வேதநாயக சாஸ்திரியாரின் தந்தையான தேவசகாயமும் அக்காலத்துப் பாளையங்கோட்டைக் கிறிஸ்தவருள் ஒருவர். ஆலயப் படைப்புக்காக 1785-இல் சுவார்ட்ஸ் ஐயர் வந்தபோதுதான், சிறுவனான வேதநாயகத்தைத் தஞ்சைக்கு அழைத்துச் சென்றார். நம் கீர்த்தனை மரபின் வரலாற்றிலும் அச்சிற்றாலயத்திற்கு இவ்வாறு ஒரு தொடர்பு உண்டு.

பெயரில் தங்கிய சாதி

திருச்சபையின் நினைவிலும் ஒரு குறையுண்டு. கிளாரிந்தா கட்டிய ஆலயத்தை ஊரார் 'பாப்பாத்தியம்மாள் கோயில்' என்றழைத்தனர். ஊரார் வழக்கை நாம் குறைகூற வேண்டுவதில்லை. ஆனால் நாமும் இரண்டு நூற்றாண்டுகளாக, "ஒரு பிராமணப் பெண்ணே நம் சபையின் முதற்கனி" என்று பெருமையோடு கூறிவந்துள்ளோம். அப்பெருமையில் அவருடைய குலம் நினைவில் நிற்கிறது; உழைப்பு பின்னே சென்றுவிடுகிறது. பதிவேட்டின் முதல் வரியில் அவர் பெயரோடு எழுதப்பட்ட சாதியை மேற்கோள் காட்டுவோர், அடுத்த வரிகளில் அவரோடு ஒரே பந்தியில் அமர்ந்த முப்பத்தொன்பது பேரை மறந்துவிடுகின்றனர். அவர் தம் பழைய உலகை இழந்தார் என்று இரங்குகிறோம். அந்நாற்பது பேரையே புதிய குடும்பமாகக் கொண்டார் என்பதை அழுத்திச் சொல்வதில்லை.

திருநெல்வேலித் திருச்சபையின் வரலாற்றைக் கற்பிக்கும்போதும் நாம் பெரும்பாலும் ரேனியுஸ் ஐயரிடமிருந்தே வேகம் பிடிக்கிறோம். அவர் பாளையங்கோட்டைக்கு வந்தது 1820-இல். அதற்கு நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் கிளாரிந்தாவின் பணி தொடங்கிற்று. பட்டமோ சம்பளமோ பதவிப்பெயரோ இன்றி அவர் உழைத்தார். 'வேதாகமப் பெண்' என்னும் ஊழியப் பெயர்கூடப் பிற்காலத்தில் உண்டானதே. அவருக்கு எவரும் ஒரு பணியை ஒதுக்கித் தரவில்லை. தம்மைச் சுற்றி இல்லாதது எது என்று அவர் கண்டார்: கூடிவருவதற்கு இடமில்லை, போதிப்பதற்கு ஆளில்லை. முன்னதைத் தம் பொருளைக்கொண்டும் பிறர் உதவியைக்கொண்டும் கட்டினார். பின்னதைக் கேட்டுப் பெறுவதற்குத் தஞ்சைக்குப் போனார். பாளையங்கோட்டையிலிருந்து மதுரை வழியாகத் தஞ்சை ஏறக்குறைய 200 மைல். வடக்கே செல்லும் அந்நெடும்பாதை கங்கைகொண்டானையும் கயத்தாற்றையும் தொட்டே செல்வது. சிற்றாற்றைக் கடந்து அவருடைய வண்டி எங்கள் ஊர்ப்பக்கம் சென்றிருக்கக்கூடும் என்று எண்ணுவதில் தவறில்லை. தம்மை ஒருகால் மறுத்த ஆயரிடமே, தமக்காகவன்றித் தம் சபைக்காகக் கேட்கச் சென்ற பயணம் அது. மாதவையாவின் நாவலில் நான் விரும்பித் தேடியும் உரிய விரிவோடு காணாத அதிகாரமும் அதுவே.

நடுவயதும் நம் சபையும்

இப்பொருள் இலக்கியத் திறனாய்வோடு நின்றுவிடுவதன்று. நம் திருமறை வாசிப்பிலும் இதே இடைவெளி உள்ளது. தீமோத்தேயுக்கு எழுதப்பட்ட முதலாம் நிருபம் ஐந்தாம் அதிகாரத்தில், அறுபது வயதுக்குக் குறையாத விதவைகளே பதிவில் சேர்க்கப்படவேண்டும் என்னும் ஒழுங்கைக் காண்கிறோம். இளம் விதவைகளுக்கு மணமும் குடும்பமும் அறிவுறுத்தப்படுகின்றன. அக்காலச் சபையின் சூழலில் இதற்குக் காரணங்கள் உண்டு. ஆனால் மணத்திற்கும் அறுபதுக்கும் இடையே நிற்பவள் எங்கே போவாள்? நகோமியைப் பற்றி அருளுரை ஆற்றும்போது, மடியில் பேரக்குழந்தையை வைத்துக் கதையை முடிக்கிறோம். அன்னாளைப் பற்றிப் பேசும்போது எண்பத்து நான்கு வயதையே கண்முன் நிறுத்துகிறோம். கணவனைப் பற்றிய குறிப்பே இன்றி, வாணிகம் செய்து, வீட்டாரோடு திருமுழுக்குப் பெற்று, பிலிப்பி நகரச் சபைக்குத் தன் வீட்டைத் திறந்துவிட்ட லீதியாளைப் பற்றி எத்தனை அருளுரைகள் ஆற்றியிருக்கிறோம்? கிளாரிந்தாவுக்கு நேரான திருமறை மாந்தர் அவளே.

பெண்களுக்குக் குருத்துவம் வழங்குவதில் தென்னிந்தியத் திருச்சபை முன்னே நடந்தது உண்மை. 1976-இல் எலிசபெத் பால் அம்மையார் குருவாக அருட்பொழிவு பெற்றார். 2013-இல் புஷ்பலலிதா அம்மையார் பேராயரானார். இவை நாம் இறைவனுக்கு நன்றி செலுத்தவேண்டிய நிகழ்ச்சிகள். எனினும் குருத்துவத்திற்கு அழைக்கப்படாமல், பிள்ளைகளை வளர்த்து முடித்து, இன்னும் இருபதாண்டு உழைக்க வலிமையுள்ள பெண்கள் ஒவ்வொரு சேகரத்திலும் உள்ளனர். அவர்களுடைய மனச்சோர்வை நாம் நம்பிக்கைக் குறைவென்று எண்ணி, ஜெபத்தையும் பூச்சாடியையும் மருந்தாகக் கொடுக்கிறோம். ஜெபம் வேண்டியதே, பீடத்தின் பூக்களும் இழிவானவையல்ல. ஆனால் ஓர் அழைப்பு தன்னுள் எழுவதை உணர்ந்து வந்தவருக்கு, நம் வசதிக்கேற்ற சிறுவேலையை ஒதுக்கித் தருவது ஆயர்ப்பணியாகாது. அவர் எதைக் கண்டார், எது இல்லையென்று வருந்துகிறார் என்று முதலில் கேட்பதே ஆயர்ப்பணி.

என் குறையையும் இங்கே எழுதிவிடவேண்டும். நூலைத் திருப்பிக் கொடுத்த அச்சகோதரி, அதே மாலையில் ஒன்று கேட்டார். அவர் தெருவில் பீடி சுற்றும் பெண்கள் பலர். கொடுத்த இலையும் தூளும் எவ்வளவு, கழித்த பீடி எத்தனை என்று கணக்குப் புத்தகத்தில் எழுதப்படுவதை அவர்களுள் சிலரால் படிக்க முடியவில்லை. ஆலயத் திண்ணையில் மாலை நேரத்தில் அவர்களுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக் கொடுக்கலாமா என்றார். அவர்களுள் பலர் நம் சபையாரல்லர். நான் சேகரக் கமிட்டியில் வைத்துச் சொல்கிறேன் என்றேன். அடுத்த கூட்டத்தில் வேறு பொருள்கள் மிகுந்திருந்தன. அதற்கடுத்த கூட்டத்தில் நான் மறந்தேன். எட்டு மாதங்கள் சென்றன. இதற்குமேல் என்னை நினைவூட்டாமல் அவர் தம் வீட்டு வாசலிலேயே ஒரு விளக்கை ஏற்றித் தொடங்கிவிட்டார். நான் போய்ப் பார்த்தபோது பதினொரு பெண்கள் இருந்தனர். ஒருவர் தம் கணக்குப் புத்தகத்தை மடியில் விரித்து, விரலால் எண்களைத் தொட்டுத் தொட்டு வாசித்துக்கொண்டிருந்தார். "வாங்க ஐயா, உக்காருங்க" என்று சொல்லிவிட்டு அச்சகோதரி பாடத்தைத் தொடர்ந்தார். அனுமதி கேட்ட பேச்சை அவர் எடுக்கவுமில்லை. சுவார்ட்ஸ் ஐயரின் தாமதத்தைப் பற்றி எழுதும்போதெல்லாம் அவ்வாசலில் நான் நின்ற நிலை என் நினைவுக்கு வருகிறது. அவர் தாமதித்ததற்கு ஓர் ஒழுங்குமுறை காரணமாக இருந்தது. என் தாமதத்திற்கு அதுவும் இல்லை.

முடிவுரை

'கிளாரிந்தா' நம் இறையியல் மாணவர் ஒவ்வொருவரும் படிக்கவேண்டிய நாவல் என்பதில் எனக்கு ஐயமில்லை. சமய வேலிக்கு அப்பாலிருந்து நம்மை நோக்கிய ஒரு நேர்மையான கண் அதில் உண்டு. பெண்ணின் விடுதலைக்காக அது எழுப்பும் குரல் ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் தளரவில்லை. அதன் குறை, தலைவியின் வாழ்வில் பாதியைச் சொல்லி, அப்பாதியே முழுமை என்னும் எண்ணத்தை வாசகரிடம் விட்டுச்செல்வது. நாம் அக்குறையை நிரப்பாமல், நம் மேடைகளில் அதையே பெருக்கினோம்.

ஆகையால் இந்நூலைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாவலின் இறுதிப் பக்கத்தை வாசித்து முடித்தபின், 1780-ஆம் ஆண்டுப் பதிவேட்டின் செய்தியையும் 1785-ஆம் ஆண்டு ஆலயப் படைப்பின் செய்தியையும் மாணவர்முன் வையுங்கள். எழுதப்படாத அந்த இருபத்தெட்டு ஆண்டுகளில் ஓர் ஆண்டைத் தெரிந்துகொண்டு, கிளாரிந்தாவின் ஒரு நாளை எழுதிவரும்படி சொல்லுங்கள். அதை எழுதுவதற்கு அவர்கள் தங்கள் தாயாரிடமோ, அத்தையிடமோ, சேகரத்திலுள்ள ஒரு சகோதரியிடமோ போய்க் கேட்கவேண்டியிருக்கும். அவர்கள் சொல்வதைப் பொறுமையோடு கேட்டுப் பழகியவர்கள் நாளை ஆயர்களாகும்போது, மாலையில் வாசலில் வந்து நிற்பவரிடம் பூச்சாடியை நீட்டுமுன் சற்றே தயங்குவார்கள்.